கையில் சுடும் வேப்: பேட்டரி என்ன சொல்கிறது?



இந்த வாரம் பதிலுக்காக எடுத்து வைத்த கேள்விகளில் மூன்று ஒரே பொருளைப் பற்றியவை. சிரம்பானில் உணவு விநியோகம் செய்யும் தம்பி ஒருவர் கேட்கிறார்: "என் வேப் வாங்கிய புதிதில் ஒரு நாள் முழுக்கத் தாங்கியது. எட்டு மாதம்தான் ஆகிறது. இப்போது மதியத்துக்குள் பேட்டரி இறங்கிவிடுகிறது. நீட்டிக்க வழி உண்டா?" கிள்ளானிலிருந்து ஒரு தாயார்: "மகன் அந்தக் கருவியைத் தலையணைப் பக்கத்தில் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்குகிறான். தொட்டுப் பார்த்தால் சுடுகிறது. வெடித்துவிடுமா?" மூன்றாமவர் ஈப்போவிலிருந்து: "மதியம் காரில் வைத்துவிட்டுப் போனால் மாலையில் எடுக்கும்போது வேலை செய்வதில்லை. கொஞ்ச நேரம் குளிர்சாதன அறையில் வைத்தால் சரியாகிவிடுகிறது. பழுதா?"

ஒருவர் ஆயுளைக் கேட்கிறார். ஒருவர் ஆபத்தைக் கேட்கிறார். ஒருவர் பழுதைக் கேட்கிறார். மூன்று பேருக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அது சூடு.

பதிலுக்குப் போகும் முன் ஒரு வார்த்தை. வேப் இழுப்பதை நான் ஆதரிப்பவன் அல்லன். உடம்புக்கு அது செய்யும் கேட்டை மருத்துவர்கள் சொல்லட்டும். நான் மின்னணுப் பொருள்களைப் பழுது பார்ப்பவன்; எனக்குத் தெரிந்தது பேட்டரி. இழுப்பவர் ஒருவராக இருந்தாலும் அந்த வீட்டில் இழுக்காத நான்கு பேர் தூங்குகிறார்கள். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

சூடு எங்கிருந்து வருகிறது?

வீட்டில் தண்ணீர் கொதிக்கவைக்கும் மின்கெண்டியும் வேப்பும் செய்வது ஒரே வேலை. கம்பி வழியே மின்சாரம் பாய்கிறது, கம்பி சுடுகிறது, திரவம் ஆவியாகிறது. கெண்டிக்கு மின்சாரம் சுவரிலிருந்து வருகிறது. வேப்புக்கு அது விரல் அளவுள்ள ஒரு பேட்டரியிலிருந்து வரவேண்டும்.

கைப்பேசியில் காணொளி பார்க்கும்போது பேட்டரி தருவது சில வாட் மட்டுமே. சிறிய வேப் கருவி ஒவ்வோர் இழுப்புக்கும் பத்து, பதினைந்து வாட் கேட்கும். 'மோட்' எனப்படும் பெரிய வகை அறுபது, எண்பது வாட் வரை கேட்கும். உருவத்தில் சிறியதாக இருந்தாலும் வேப் பேட்டரி சுமப்பது கைப்பேசியை விடப் பெரிய பாரம்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். லித்தியம் பேட்டரியின் சராசரி மின்னழுத்தம் 3.7 வோல்ட். சுருளின் மின்தடை 1 ஓம் என்றால் பாயும் மின்னோட்டம் 3.7 ஆம்பியர், சக்தி ஏறக்குறைய 14 வாட். அதிகப் புகை வேண்டும் என்று 0.5 ஓம் சுருள் போட்டால் மின்னோட்டம் 7.4 ஆம்பியர், சக்தி 27 வாட்.

சுருள் சுடுவது நாம் கேட்டு வாங்கும் சூடு. நாம் கேட்காத சூடு ஒன்றும் உண்டு. எல்லாப் பேட்டரிக்கும் உள்ளுக்குள் ஒரு சிறு மின்தடை இருக்கிறது. அதை 0.05 ஓம் என்று வைத்துக்கொள்வோம். முதல் சுருளில் பேட்டரிக்குள்ளேயே எழும் வெப்பம் 0.7 வாட், இரண்டாவதில் 2.7 வாட். புகை இரண்டு மடங்கானது. பேட்டரி தன்னைத்தானே சுட்டுக்கொள்வது நான்கு மடங்கானது. மின்னோட்டம் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்காகும் என்பது பள்ளியில் படித்த விதி. அதைக் கருவியை ஏந்தியிருக்கும் கையிலேயே உணரலாம்.

இன்னொன்றும் உண்டு. பேட்டரி பழசாக ஆக அதன் உள்தடை ஏறிக்கொண்டே போகும். தடை ஏறினால் சூடு கூடும். சூடு கூடினால் பேட்டரி இன்னும் வேகமாகக் கிழடாகும். இந்தச் சுழலை உடைப்பதுதான் ஆயுளுக்கும் வழி, பாதுகாப்புக்கும் வழி.

சிரம்பான் தம்பிக்கு

உங்கள் பேட்டரி பழுதாகவில்லை, தம்பி. அதற்கு வயதாகிவிட்டது. இந்த வகை லித்தியம் பேட்டரிகள் பொதுவாக 300 முதல் 500 முழுச் சுற்றுகளுக்குப் பிறகு பழைய கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும். ஒரு நாளைக்கு இரண்டு முறை முழுமையாக இறக்கி ஏற்றினால் எட்டே மாதத்தில் 500 சுற்றை நெருங்கிவிடுவீர்கள். வெயிலில் வேலை செய்பவர் என்பதால் அது இன்னும் சீக்கிரமே நடந்திருக்கும்.

போன ஆயுளை மீட்க முடியாது. அடுத்த பேட்டரியையோ கருவியையோ காப்பாற்ற முடியும்.

முதலில் வாட் அளவைக் குறையுங்கள். சுருளின் மேல் எந்த அளவிலிருந்து எந்த அளவு வரை என்று அச்சிட்டிருப்பார்கள். அதில் கீழ்ப்பகுதியில் வையுங்கள். ஓர் இழுப்புக்கும் அடுத்த இழுப்புக்கும் நடுவே அரை நிமிடமாவது விடுங்கள். சிக்னலில் நிற்கும் நேரத்தில் அடுத்தடுத்து ஐந்தாறு முறை இழுத்தால் பேட்டரிக்கு ஆற நேரமே கிடைக்காது.

திரவம் வற்றிய சுருளை அழுத்தாதீர்கள். ஆவியாக ஒன்றும் இல்லாதபோது சூடு போக வழியின்றிப் பஞ்சு கருகும். அந்தக் கருகல் புகையில் ஃபார்மால்டிஹைடு போன்ற நச்சுகள் அதிகமாக இருக்கும். கரி படிந்த சுருளில் புகை குறையும். புகை குறைந்ததும் நாம் வாட்டை ஏற்றுவோம். பாரம் முழுவதும் பேட்டரி தலையில் விழும். அந்த நேரத்தில் மாற்றவேண்டியது சுருளை.

சார்ஜ் சுழியத்துக்கு இறங்கும்வரை காத்திருக்க வேண்டாம். இருபது விழுக்காட்டில் ஏற்றத் தொடங்கி, எண்பது, தொண்ணூறில் எடுத்துவிடலாம். பேட்டரியை முழுதாகத் தீர்த்துவிட்டுத்தான் ஏற்றவேண்டும் என்பது பழைய நிக்கல் காட்மியம் காலத்துப் பழக்கம். லித்தியத்துக்கு அது கெடுதல். முழுச் சார்ஜில், அதாவது 4.2 வோல்ட்டில், சூட்டோடு கிடப்பதும் கெடுதல். சில வாரங்கள் பயன்படுத்தப் போவதில்லை என்றால் பாதிச் சார்ஜில் நிழலான இடத்தில் வைத்துவிடுங்கள்.

மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் வைக்காதீர்கள். மதிய வெயிலில் அந்தப் பெட்டி ஓர் அடுப்பு.

ஈப்போ வாசகருக்கு

அது பழுதில்லை, காவல். நல்ல கருவிகளுக்குள் வெப்பத்தை அளக்கும் ஓர் உணரி இருக்கும். அளவு மீறினால் அது மின்சாரத்தைத் துண்டித்துவிடும். ஆறியதும் மறுபடி விடும். உங்கள் கருவி உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. ஆனால் தினமும் அதற்கு அந்த வேலையைத் தராதீர்கள்.

பெரும்பாலான லித்தியம் பேட்டரிகளைப் பயன்படுத்த 60 டிகிரியும் சார்ஜ் ஏற்ற 45 டிகிரியும்தான் மேல் எல்லை. நம் ஊரில் வெளியே 33 டிகிரி இருக்கும் மதியத்தில், கண்ணாடி மூடிய கார் ஒரு மணி நேரத்துக்குள் 50 டிகிரியைத் தாண்டிவிடும். நேர் வெயில் படும் டேஷ்போர்டு அதைவிடப் பல டிகிரி கூடுதலாகச் சுடும். அங்கே கிடந்த கருவியை எடுத்த கையோடு காரிலேயே சார்ஜில் செருகுவதுதான் மிக மோசமான செயல். ஆறட்டும், அறை வெப்பத்துக்கு வந்த பிறகு செருகுங்கள்.

சிலர் அவசரத்துக்குக் குளிர்பதனப் பெட்டிக்குள் வைப்பார்கள். வேண்டாம். வெளியே எடுத்ததும் நம் ஈரக்காற்று அதன்மேல் நீர்த்துளியாகப் படியும். அந்தத் துளி உள்ளே மின்பலகையில் இறங்கினால், சூட்டிலிருந்து தப்பிய கருவி ஈரத்தில் மாட்டிக்கொள்ளும். நிழலும் மின்விசிறியும் போதும்.

கிள்ளான் அம்மாவுக்கு

உங்கள் பயம் நியாயமானது, அம்மா. வெடிப்பது அபூர்வம். அதற்காக நடக்காது என்று சொல்லமாட்டேன். அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம், 2009 தொடங்கி 2016 முடிய அந்நாட்டு ஊடகங்களில் வந்த மின்சிகரெட் தீ, வெடிப்புச் சம்பவங்களைத் திரட்டியது. மொத்தம் 195. அவற்றில் 61 சட்டை, காற்சட்டைப் பைக்குள் நடந்தவை. 60 பயன்படுத்தும்போது நடந்தவை. 48 சார்ஜ் ஏறும்போது நடந்தவை. 133 பேர் காயமடைந்தார்கள். அவர்களில் 38 பேருக்குக் கடுமையான காயம். அந்தக் கணக்கில் உயிரிழப்பு இல்லை. பின்னர் 2018-இல் ஃபுளோரிடாவிலும் 2019-இல் டெக்சஸிலும் தலா ஒருவர் வேப் வெடித்து இறந்தார்கள்.

ஏன் வெடிக்கிறது? பேட்டரிக்குள் நேர்முனைக்கும் எதிர்முனைக்கும் நடுவே இருப்பது தலைமுடியை விட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் தாள். சுற்றிலும் எளிதில் தீப்பற்றும் திரவம். சூடு 130 டிகிரியை ஒட்டி ஏறினால் அந்தத் தாள் உருகத் தொடங்கும். இரு முனைகளும் உள்ளே தொட்டுக்கொண்டால் அந்தத் தொடுகையே மேலும் சூட்டைக் கிளப்பும். அந்தச் சூடு இன்னும் கொஞ்சம் தாளை உருக்கும். அதன்பின் சுவிட்சை அணைத்தாலும் நிற்காது. வேப் பெரும்பாலும் உலோகக் குழாய் வடிவில் இருப்பதால், உள்ளே எழும் அழுத்தம் ஒரு முனை வழியே பீய்ச்சிக்கொண்டு வெளியேறும்.

அதனால் உங்கள் மகனிடம் முதலில் கேட்கவேண்டியது ஒன்றே: தலையணைப் பக்கத்திலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். படுக்கை, சோபா, துணிக்கூடை எதுவும் ஆகாது. துணி சூட்டைப் பிடித்து வைக்கும். தீ வந்தால் முதலில் பற்றுவதும் அதுதான். சமையலறையில் மார்பிள் மேடையோ ஓடு பதித்த தரையோ நல்லது. பக்கத்தில் திரைச்சீலை, காகிதம் இருக்கக்கூடாது. விழித்திருக்கும் நேரத்தில் ஏற்றி, நிறைந்ததும் கழற்றிவிடவேண்டும். கருவியோடு வந்த கம்பி, அதற்குக் குறித்த சார்ஜர். கைப்பேசியின் அதிவேகச் சார்ஜரில் சிறிய வேப்பைச் செருகவேண்டாம். மலிவான கருவிகளில் அந்த வேகத்தைக் கட்டுப்படுத்தும் சுற்று இருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

சார்ஜ் ஏறும்போது வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு. கையில் பத்து நொடி தொடர்ந்து பிடித்திருக்க முடியாத அளவுக்குச் சுட்டால் அது இயல்பல்ல. உடனே கழற்றுங்கள்.

வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் இன்னொரு எச்சரிக்கை: அந்தத் திரவத்தில் உள்ள நிக்கோட்டின், கொஞ்சம் விழுங்கினாலும் குழந்தைக்கு நஞ்சு. சார்ஜ் போடும் மேடை பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

பைக்குள் இருக்கும் ஆபத்து

மேலே சொன்ன கணக்கில் பைக்குள் நடந்த சம்பவங்கள்தாம் அதிகம் என்பதைக் கவனித்தீர்களா? அதற்குக் காரணம் உண்டு.

கழற்றி மாட்டும் பேட்டரிகளில் பரவலானது 18650 என்ற வகை. 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம் என்பதே அந்தப் பெயர். அதன் உலோக உடல் முழுவதும் எதிர்முனை. தலையில் உள்ள சிறு பொத்தான்தான் நேர்முனை. இரண்டையும் பிரித்து வைத்திருப்பது மேலே சுற்றிய மெல்லிய பிளாஸ்டிக் உறை. என் மேசைக்கு வரும் பேட்டரிகளில் நான் முதலில் பார்ப்பது அந்த உறையைத்தான். தலைப்பக்கம் கிழிந்திருந்தால், ஒரு வீட்டுச் சாவியோ ஐம்பது சென் நாணயமோ இரு முனைகளையும் சேர்த்துத் தொட்டால் போதும். பைக்குள்ளேயே பல பத்து ஆம்பியர் பாயும்.

ஆகவே உதிரிப் பேட்டரியைச் சாவி, சில்லறையோடு போடக்கூடாது. சில ரிங்கிட்டுக்குப் பிளாஸ்டிக் பெட்டி கிடைக்கும்; வாங்கிக்கொள்ளுங்கள். உறை கிழிந்த பேட்டரியை அப்படியே மாட்டாதீர்கள். இரண்டு பேட்டரி போடும் கருவி என்றால் இரண்டும் ஒரே நாளில் வாங்கிய, ஒரே வகையாக இருக்கவேண்டும். பழசும் புதுசும் சேர்ந்தால் பழசு முதலில் வற்றிப்போய்ச் சூடாகும். பயன்படுத்தாத நேரத்தில் கருவியை முழுமையாக அணைத்துவிடுங்கள். ஐந்து முறை அழுத்தினால் அணையும் வகையே அதிகம். பைக்குள் பொத்தான் தானாக அழுந்திக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

பசார் மாலாமிலும் இணையக் கடையிலும் '9,900 மில்லி ஆம்பியர் மணி' என்று அச்சிட்ட 18650 பேட்டரிகள் ஐந்து, ஆறு ரிங்கிட்டுக்குக் கிடைக்கின்றன. நம்பாதீர்கள். இந்த அளவுள்ள நல்ல பேட்டரிகளே பொதுவாக 3,500-ஐ ஒட்டித்தான் கொள்ளும். எண்ணில் பொய் சொல்லும் பேட்டரி, தாங்கும் மின்னோட்டத்திலும் பொய் சொல்லும். வேப்புக்கு முக்கியம் அந்த இரண்டாவது எண்தான். மின்சுற்றுப் பாதுகாப்பே இல்லாத 'மெக்கானிக்கல் மோட்' வகையில் இந்தப் பொய் உயிருக்கே வினையாகும். நம் நாட்டில் வேப் கருவிகளுக்கு 2022 முதல் சிரிம் முத்திரை கட்டாயம். முத்திரை இல்லாத கருவியை வீட்டுக்குள் விடாதீர்கள்.

எப்போது நிறுத்தவேண்டும்?

பேட்டரி உப்பியிருந்தால், உறையில் எண்ணெய் போல் கசிந்திருந்தால், நகப்பூச்சு அகற்றும் திரவம் போல இனிப்பான நெடி வந்தால், 'ஸ்ஸ்' என்று சத்தம் கேட்டால், சும்மா கிடக்கும்போதே சூடாக இருந்தால், அந்தப் பேட்டரியின் வேலை முடிந்தது. "இன்னும் ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கிறேன்" என்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் மிச்சமாவது இருபது, முப்பது ரிங்கிட்.

புகை வராத நிலையில் என்றால் வீட்டுக்கு வெளியே, சிமெண்டுத் தரையில், எரியும் பொருள் எதுவும் இல்லாத இடத்தில் வையுங்கள். புகை வரத் தொடங்கிவிட்டால் கையால் தொடவேண்டாம். மின்னிணைப்பை அணைக்க முடிந்தால் அணைத்துவிட்டு, வீட்டில் உள்ளவர்களை வெளியேற்றி 999-ஐ அழையுங்கள். அந்தப் புகை நச்சு. சிறு கருவி என்றால், பாதுகாப்பான தூரத்திலிருந்து நிறையத் தண்ணீர் ஊற்றுவது பேட்டரியைக் குளிர்விக்கும். தீ தணிந்ததுபோல் தோன்றினாலும் மறுபடி பற்றக்கூடும். அதனால் உடனே நெருங்காதீர்கள்.

பயணம் போகிறவர்களுக்கு

விமானத்தில் வேப்பும் உதிரிப் பேட்டரியும் கைப்பையில்தான் வரவேண்டும். சரக்குப் பெட்டிக்குள் கூடாது. சரக்கறையில் தீப்பற்றினால் யாரும் பார்க்க முடியாது என்பதே காரணம். விமானத்துக்குள் அதைச் சார்ஜ் செய்யவும் கூடாது.

பாலம் கடந்து சிங்கப்பூருக்குப் போகிறவர்கள் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். 2018 பிப்ரவரி முதல் அங்கே வேப்பை வைத்திருப்பதே குற்றம். தாய்லாந்துக்கும் கொண்டுபோகக்கூடாது. நம் நாட்டில் 2024 அக்டோபரில் நடப்புக்கு வந்த சட்டப்படி 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு விற்பது குற்றம். பள்ளிப் பிள்ளையின் பையில் கண்டால் பேட்டரியைப் பற்றி மட்டும் கவலைப்பட்டு விட்டுவிடாதீர்கள்.

எறியும் இடம்

ஒருமுறை பயன்படுத்தி எறியும் வேப் என்று ஒன்று இருக்கிறதே, அதற்குள்ளும் இருப்பது லித்தியம் பேட்டரிதான். திரவம் தீர்ந்தாலும் பேட்டரியில் சக்தி மிச்சமிருக்கும். அதைச் சோற்றுப் பருக்கையோடு குப்பைப் பையில் கட்டிப் போட்டால், குப்பை லாரியின் அழுத்தியில் நசுங்கித் தீப்பற்றலாம். அந்த லாரியின் பின்னால் தொங்கிக்கொண்டு வருபவரும் யாரோ ஒருவரின் பிள்ளை.

கழற்றக்கூடிய பேட்டரி என்றால் இரு முனைகளிலும் செலோடேப் ஒட்டுங்கள். கழற்ற முடியாததை உடைத்துப் பார்க்காமல் அப்படியே கொண்டுபோங்கள். உங்கள் வட்டாரத்தில் மின்கழிவு சேகரிக்கும் மையம் எது என்று ஊராட்சி மன்றத்தைக் கேட்டால் சொல்வார்கள். சில பேரங்காடிகளிலும் பெட்டி வைத்திருக்கிறார்கள்.

கையால் தொட்டுப் பார்க்கும் பழக்கம் ஒன்று போதும். அதற்குக் கருவி வேண்டாம், படிப்பு வேண்டாம். வேப் மட்டுமன்று, கைப்பேசி, பவர் பேங்க், பிள்ளைகளின் விளையாட்டுக் கார், கழுத்தில் மாட்டும் மின்விசிறி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். இன்றிரவு படுக்கப் போகும் முன் வீட்டில் சார்ஜில் கிடக்கும் எல்லாவற்றையும் ஒரு முறை தொட்டுப் பாருங்கள். சுடுவதைக் கழற்றிவிட்டுப் படுங்கள்.

அடுத்த வாரம், பவர் பேங்க் வாங்கும்போது அதன் முதுகில் உள்ள பொடி எழுத்தை எப்படிப் படிப்பது என்று பார்ப்போம்.